வெள்ளையைப் பார்த்து வாங்கிய பிரிண்டர்

கருப்பு வெள்ளைப் படம் அடிக்க எந்த இங்க்ஜெட் பிரிண்டர் வாங்கலாம் என்று, லேபில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் மூன்று பேர் தனித்தனியாக எனக்கு வாட்ஸப்பில் கேட்டிருக்கிறீர்கள். ஓய்வு பெற்றவனைத் தேடி வருகிற கேள்விகள் பெரும்பாலும் இரண்டுதான்: சாப்பிட்டாச்சா, மாத்திரை போட்டாச்சா. மூன்றாவதாக ஒன்று வந்ததில் எனக்கு ஏற்பட்ட பூரிப்பை அடக்கிக்கொண்டு எழுதுகிறேன்.

மாடல் நம்பர் எதிர்பார்த்தீர்கள் என்றால் மன்னிக்க வேண்டும். நான் ஒன்றைச் சொல்லி, நீங்கள் முதலாளியம்மாவிடம் கேட்டு, அவர் யோசித்து முடிப்பதற்குள் கம்பெனிக்காரன் அந்த மாடலை நிறுத்திவிட்டு, அதே வயிற்றுக்கு வேறு சட்டை போட்டு அனுப்பியிருப்பான். எனக்குச் சொல்ல முடிந்தது ஒன்றுதான். ஒரு தப்பான பிரிண்டரை நான் எவ்வளவு முறையாக, அட்டவணை போட்டு, மார்க் போட்டுத் தேர்ந்தெடுத்தேன் என்பது.

நம் லேப் கல்யாண ஆல்பத்தில் வளர்ந்த லேப். முப்பது வருடம் நானும் அதில்தான் வளர்ந்தேன், பெரும்பாலும் இடுப்பைச் சுற்றி. எங்கள் கண் எல்லாம் வெள்ளைக்குப் பழகிய கண். மாப்பிள்ளை என்ன நிறத்தில் மண்டபத்துக்குள் போனாலும் ஆல்பத்திலிருந்து இட்லி நிறத்தில்தான் வெளியே வருவார். இந்தத் திருப்பணியைச் செய்தவர் செல்வராசு. கம்ப்யூட்டரில் முகத்தை வெளுப்பாக்குவதை அவர் "தூக்கி உடறது" என்பார். "பொண்ணை ரெண்டு பாயிண்ட் தூக்கி உட்டிருக்கறேனுங்க, மாமியாரை ஒண்ணு தூக்கியிருக்கறேன், போதுங்களா?" என்று கேட்பார். மாமியாரை மருமகள் அளவுக்குத் தூக்கினால் ஆல்பம் திரும்பி வரும் என்பது அவருடைய அனுபவம். அந்த விஷயத்தில் அவரை மிஞ்சிய சமூகவியல் அறிஞர் யாரையும் நான் படித்ததில்லை.

இப்படிப்பட்ட இடத்துக்கு ஒருநாள் தாஹிரா வந்தாள். கோட்டைமேட்டுப் பெண், அப்பாவுக்கு அங்கே பாத்திரக் கடை. அரசூர்ப் பக்கம் ஒரு பவுண்டரியில் ஒரு வருடமாகப் போய்ப்போய் நின்று, இரும்பு உருக்கி வார்க்கிற வேலையைக் கருப்பு வெள்ளையில் படம் எடுத்து வைத்திருந்தாள். முப்பது படம். அதைப் பெரிதாக அடித்து, ஆயுத பூஜையன்று அந்தப் பவுண்டரிக்குள்ளேயே மாட்டிவிட வேண்டும். ஓனர் சம்மதித்துவிட்டார் என்றாள்.

கண்காட்சி என்றால் ஏசி ஹால், ரிப்பன், மைக் என்று நினைத்திருந்த எனக்கு இது புதிது. முதலாளியம்மாவுக்குப் பிடித்துவிட்டது. "ஊருல இருக்கற அத்தனை லேபும் கல்யாணத்தையே அடிச்சிட்டிருக்குதுங்க. நாம இதையும் அடிப்போம். கருப்பு வெள்ளைக்குன்னே ஒரு மிசின் பாருங்க," என்று பொறுப்பை என்னிடம் தந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. தலை மட்டுமாவது புரிந்திருக்கலாம்.

நம்மூரில் மோட்டார் வாங்குகிறவர் கூட, தொட்டியில் தண்ணீர் ரொப்பி அரை நாள் ஓட்டிப் பார்க்காமல் வாங்க மாட்டார். நான் மட்டும் சும்மா வாங்குவேனா? மூன்று டீலர், மூன்று மிசின். ஒரே படத்தை மூன்றிலும் அடிக்கச் சொன்னேன். பின்னால் பெயர் எழுதாமல் சுவரில் ஒட்டினேன். கூர்மை, நிழல், வெளிச்சம், சாயல் என்று தலைப்புப் போட்டு, பத்துக்கு இத்தனை என்று மார்க் போடும் அட்டவணை தயாரித்தேன். லேபில் இருந்த பதினொரு பேரும் ஓட்டுப் போட்டோம். தேர்தல் அவ்வளவு நேர்மையாக நடந்தது.

நேர்மையாக நடக்காதது, படத்தைத் தேர்ந்தெடுத்ததுதான். சோதனைக்கு நான் எடுத்துக்கொடுத்தது எங்கள் லேபின் பெருமைக்குரிய படம்: பெருந்துறையில் நடந்த ஒரு கல்யாணம். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தலை நிறைய மல்லிகைப்பூ, பின்னால் வெள்ளைச் சுவர். செல்வராசு ஏற்கெனவே எல்லோரையும் தூக்கிவிட்டிருந்தார். மூன்று பிரிண்ட்டில் எதில் வேட்டி பளிச்சென்று இருந்ததோ அதற்குப் பதினொரு ஓட்டும் விழுந்தது. ஒரு முடிவு ஒருமனதாக வந்தால் அங்கே யாரோ யோசிக்காமல் இருக்கிறார்கள் என்று அர்த்தம். எங்கள் விஷயத்தில் பதினொரு பேர். நிழலுக்கு நான் பத்துக்கு ஒன்பதரை போட்டிருந்தேன். அந்தப் படத்தில் நிழலே கிடையாது.

மிசின் வந்தது. சந்தனம், குங்குமம் வைத்தோம். எலுமிச்சம்பழத்தை எந்தச் சக்கரத்துக்கு அடியில் வைப்பது என்று விவாதம் எழுந்து, ஸ்டாண்டின் நான்கு சக்கரத்துக்கும் வைத்து, நான்கையும் நசுக்கி உள்ளே தள்ளினோம்.

ஆயுத பூஜைக்கு ஆறு நாள் இருந்தபோது தாஹிரா முதல் பிரிண்ட்டைப் பார்க்க வந்தாள். முதல் படம் பழனிச்சாமி. பவுண்டரியில் உருகிய இரும்பை லேடிலில், அதாவது கைப்பிடி வைத்த அந்தப் பெரிய வாளியில், ஏந்தி அச்சுக்குள் ஊற்றுகிற ஆள். அவர் குனிந்து ஊற்றுகிற கணத்தை எடுத்திருந்தாள். நான் பிரிண்ட்டை எடுத்து, கல்யாணப் பத்திரிகை நீட்டுகிற தோரணையில் இரண்டு கையாலும் கொடுத்தேன்.

அவள் வாங்கிப் பார்த்தாள். ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தாள். திரும்பி வந்தாள்.

"அண்ணா, ஆள் எங்கீங்க?"

"எந்த ஆளு?"

"பழனிச்சாமி அண்ணன்."

பார்த்தேன். லேடில் இருந்தது. ஊற்றுகிற இரும்பு மின்னல் கோடு மாதிரி பளபளவென்று இருந்தது. அந்த வெள்ளைக்குத்தானே அந்த மிசினை வாங்கினோம். சற்று மேலே நான்கு பல் இருந்தது. பல்லுக்குச் சொந்தக்காரரைக் காணோம். முகம், கழுத்து, தோள், பின்னாலிருந்த மண் குவியல் எல்லாம் சேர்ந்து ஒரே தாராய் உருகிக் கிடந்தன.

"ஸ்கிரீன்ல இருக்காருங்களே," என்றார் செல்வராசு. இருந்தார். கம்ப்யூட்டர் திரையில் பின்னாலிருந்து விளக்கு எரிகிறது. காகிதத்துக்கு யார் விளக்கு வைப்பது?

"ரெண்டு நிமிசம் குடுங்க, தூக்கி உட்டர்றேன்," என்று உட்கார்ந்தார். இரண்டே நிமிடத்தில் புது பிரிண்ட் வந்தது. பழனிச்சாமி முகம் கழுவி, பவுடர் போட்டு, காதுகுத்துக்குக் கிளம்பியவர் மாதிரி உலை முன்னால் நின்றார்.

தாஹிரா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இவரை எங்கீங்கண்ணா பொண்ணு பார்க்கக் கூட்டிட்டுப் போறீங்க?" என்றாள்.

செல்வராசுவின் காது சிவந்தது. அதைக் கருப்பு வெள்ளையில் காட்ட முடியாது என்பதில் எனக்கு வருத்தம்.

இந்த இடத்தில்தான் நம் தொழிலின் மிகப் பழைய வாக்கியம் என் நாக்கு நுனிக்கு வந்தது. "உங்க ஃபைலே டார்க்கா இருக்குதுங்க." நீங்களும் ஒருநாள் இதைச் சொல்வீர்கள். சொன்னால் தப்பு நம் மேஜையை விட்டு எழுந்து வாடிக்கையாளர் மடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். நான் "உங்க ஃபைலே…" வரைக்கும் வந்துவிட்டேன்.

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் வாக்கியத்தை முடித்திருப்பேன்.

"அண்ணா, அங்க வருசத்துல ஒரு நாள்தான் குடும்பத்தை உள்ள உடுவாங்க. ஆயுத பூஜைக்கு. பொண்டாட்டி, புள்ளைக எல்லாம் வருவாங்க. ஆனா அன்னிக்கு உலை அணைஞ்சிருக்கும். கழுவி, பொட்டு வெச்சு, கோயிலாட்ட இருக்கும். அவங்க வேலை செய்யறதை ஊட்டுல இருக்கறவங்க ஒருத்தரும் பார்த்ததே இல்லைங்கண்ணா. பார்க்கட்டும்னுதான் எடுத்தேன். படத்துலயும் ஆளைக் காணோம்னா, இல்லாட்டி வேற யாரோ நிக்கறாங்கன்னா, நான் என்னத்துக்கு மாட்டறது?"

நான் எழுந்து போய் என் அட்டவணையை எடுத்துப் பார்த்தேன். நிழல்: ஒன்பதரை. என் கையெழுத்து அழகாகவே இருந்தது.

முதலாளியம்மாவிடம் போனேன்.

"நான் எடுத்த மிசின் இந்த வேலைக்கு ஆகாதுங்க."

"அப்ப அந்த மார்க் டேபிள்?"

"தப்புங்க."

"ஒன்பதரை?"

"அதுவும் தப்புங்க. வெள்ளையை வெச்சு மிசின் பார்த்துப்போட்டேன். கருப்பை வெச்சுப் பார்த்திருக்கோணும்."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். வேலை போய்விட்டது என்று நினைத்தேன். "ஓட்டுப் போட்ட பதினோரு பேர்ல நானும் ஒருத்திங்க," என்றார். "வேட்டி என்னமா இருக்குது பாருன்னு சொன்னதே நானுதான். அதனால ரெண்டு பேரும் இதை வெளிய சொல்லிக்காம இருந்துக்குவோம். அது ஆல்பம் அடிக்கட்டும், அதுக்குன்னே பொறந்தது. மறுக்காப் பாருங்க. ஆனா ஒண்ணு, இந்த வாட்டி நம்மாளுக ஒருத்தரையும் கேக்காதீங்க. நம்ம கண்ணு அத்தனையும் கல்யாண மண்டபத்துல கெட்டுப்போன கண்ணு."

அப்படியானால் யாரைக் கேட்பது? அன்று மாலை டீக்கடையில் நின்று யோசித்தேன். கோவையில் கருப்பைப் பற்றி அதிகம் தெரிந்தவர்கள் யார்? வக்கீல்கள் என்றுதான் முதலில் தோன்றியது. அப்புறம்தான் மண்டையில் உறைத்தது.

மறுநாள் பழனிச்சாமி படத்தை, துளியும் தூக்கிவிடாமல், மூன்று மிசினிலும் அடித்து வாங்கினேன். சுருட்டிக் குழாயில் போட்டு, தாஹிராவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, குழாயைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு பவுண்டரிக்குப் போனேன். நாலு மணி டீ நேரம். அச்சுப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, கூரையின் கண்ணாடி ஓட்டு வழியே விழுந்த வெளிச்சத்தில் மூன்றையும் வரிசையாக வைத்தேன். பதினைந்து இருபது பேர் டீ டம்ளரோடு சுற்றி நின்றார்கள்.

"எது நல்லா இருக்குதுன்னு சொல்லுங்க," என்றேன்.

"எல்லாமே நல்லா இருக்குதுங்க," என்றார் ஒருவர்.

"உங்களுக்கு எது புடிச்சிருக்குதோ அதையே வெச்சுக்கங்க சார்," என்றார் இன்னொருவர்.

"டீ சாப்பிடறீங்களா சார்?" என்றார் மூன்றாமவர்.

நம்மூர் மரியாதை இருக்கிறதே, அதைத் தாண்டி உண்மையை வெளியே எடுப்பதற்கு வேறு உலை வேண்டும். பழனிச்சாமியையே கேட்டேன். அவர் மூன்றாவது படத்தில் தன் மீசையை மட்டும் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "மீசை வந்திருக்குதுங்க," என்று வெட்கத்தோடு நகர்ந்துகொண்டார்.

அப்போது கோர் போடுகிற பகுதியிலிருந்து ஒரு அம்மா வந்தார். கோர் என்பது வார்ப்புக்குள்ளே ஓட்டை விழுவதற்காக அச்சுக்குள் வைக்கிற மண் உருவம். பிசைந்து, சுட்டு, மேலே கிராபைட் கரைசல் பூசுவார்கள். அந்த அம்மாவின் பெயரை நான் கேட்டு வைக்கவில்லை. முப்பது வருடத்தில் எனக்குத் தொழில் சொல்லித் தந்தவர்கள் என்று பட்டியல் போட்டால் முதல் வரி காலியாக இருப்பதற்கு அதுதான் காரணம்.

கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார். "ஏனுங்க, நல்லா இருக்குதான்னு கேட்டா நாங்க என்னன்னு சொல்றது? கல்யாண ஊட்டுல சாப்பாடு நல்லா இருக்குதான்னு கேட்டா இல்லைன்னு யாராச்சும் சொல்லுவாங்களா? என்ன இருக்குதுன்னு கேளுங்க, சொல்றோம்."

"சரிங்கம்மா. முதல் படத்துல என்ன இருக்குது?"

"பல்லு இருக்குது. மண்ணும் ஆளும் ஒண்ணாக் கெடக்குது. எது மண்ணு, எது மனுசன்னு தெரியில."

அது நான் பதினொரு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயிக்க வைத்த மிசின்.

"ரெண்டாவது?"

"ஆளு இருக்கறாரு. ஆனா பாசி புடிச்சிருக்குதுங்களே? கெணத்து மேட்டுல நின்னாப்பல."

எனக்குத் தெரியவே இல்லை. லேபின் டியூப் லைட்டில் அது சுத்தச் சாம்பலாகத்தான் இருந்தது. கூரை ஓட்டுப் பகல் வெளிச்சத்தில், அவர் சொன்ன பிறகு பார்த்தால், நிழல் முழுக்க லேசான பச்சை.

"மூணாவது?"

அவர் விரலைக் காகிதத்தில் படாமல் ஒரு அங்குலம் மேலே வைத்துக்கொண்டு, இருட்டுக்குள் ஒவ்வொரு இடமாகப் போனார்.

"இது கரித்தூள் கலந்த மண்ணு, புதுசு. இது சுட்ட மண்ணு, பெட்டி ஒடைச்சுக் கொட்டினது, அதான் வெளிறிக் கெடக்குது. இது கிராபைட் பூசின கோரு, மினுக்குது பாருங்க. நான் பூசினதுதான். இது செவுத்துல படிஞ்ச பொகை." விரல் நின்றது. "இது பழனிச்சாமி அண்ணன். வேர்த்திருக்கறாரு."

அதற்குப் பிறகு யாருக்கும் மரியாதை ஞாபகமில்லை. "அட, அந்தப் பக்கம் நிக்கறது நம்ம கிரைண்டிங் மிசின்டா!" "ஆமாடா, பட்டை தொங்குது பாரு!" என்று ஆளாளுக்குத் தலையை உள்ளே விட்டார்கள். என் தலைக்கு இடம் கிடைக்கவில்லை. டீ ஆறிப்போனது. சூப்பர்வைசர் வந்து விரட்ட வேண்டியதாயிற்று. விரட்ட வந்தவரும் ஐந்து நிமிடம் பார்த்தார்.

காரணம் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. முதல் இரண்டு மிசினிலும் கருப்பு மை ஒன்றுதான். நடுவில் இருக்கிற சாம்பல் நிறங்களையெல்லாம் கலர் மைகளைக் கலந்து கலந்து சமாளிக்கும். வேட்டிக்கு அது போதும். மூன்றாவதில் கருப்போடு மூன்று விதச் சாம்பல் மை தனித்தனியாக உண்டு. அதன் டீலர் இதை எனக்கு முதல் நாளே சொன்னார். நான் வேட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் அட்டவணையில் அந்த மிசினுக்குக் கடைசி இடம். "வெள்ளை கொஞ்சம் மங்கல்" என்று குறிப்பு வேறு எழுதியிருந்தேன்.

அவசரத்தில் எடுத்த ஒரு முடிவை அவசரமாகத் திருத்தப் போனால் என்ன ஆகும் என்பது அடுத்த பாடம்; நல்லவேளை, அது எனக்குப் பக்கத்தில் வந்து உரசிவிட்டுப் போய்விட்டது. மூன்றாவது மிசினின் டீலரிடம் புதிது இல்லை. சென்னையிலிருந்து வர பத்து நாள் ஆகும் என்றார். ஆயுத பூஜைக்கு நான்கு நாள். வேறொரு கடையில் "அதே மாதிரி, அதை விடப் பெரிசு" என்று ஒன்று கைவசம் இருப்பதாகப் போன் வந்தது. கிளம்பியே விட்டேன். செருப்பு போடும்போதுதான், கருப்பை அடித்துப் பார்க்காமல் வாங்கிய மிசின் என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்று யோசித்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு டீலரிடமே திரும்பினேன்.

"உங்க டெமோ மிசின் இருக்குதுங்களே. அதுலயே முப்பதும் அடிச்சுக்கறேன். காயிதம் எங்களது. மையும் புதுசா வாங்கிக்கறோம். ஆர்டரும் இப்பவே போட்டுக்கங்க."

"டெமோ ரூம்ல உக்காந்தா அடிப்பீங்க?" என்றார் அவர். "அது மெதுவாத்தானுங்க அடிக்கும். ஒரு படத்துக்கு ஒரு டீ குடிச்சுட்டு வந்துரலாம்."

"முப்பது டீ குடிக்கறேனுங்க."

இரண்டரை நாள் அந்தக் கண்ணாடி அறையில் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு படம் வந்ததும் அதை எடுத்துக்கொண்டு கடை வாசலுக்குப் போய் வெயிலில் பிடித்துப் பார்த்தேன். ரோட்டில் போகிறவர்கள், வாசலில் நின்ற என்னைப் புடவை பிடிக்காத வாடிக்கையாளர் என்று நினைத்திருக்கலாம். புடவை எடுக்கிற பெண்கள் காலங்காலமாக இதைத்தான் செய்கிறார்கள். கடை விளக்கை நம்புவதில்லை. பதினேழாவது படத்தில் பொறுமை போய், வேகத்தைக் கூட்டி அடிக்கலாமா என்று கை போனது. மையைச் சேமிக்கிறேன் என்று எனக்கே ஒரு காரணமும் சொல்லிக்கொண்டேன். கோர் போடுகிற அம்மாவின் விரல் ஞாபகத்துக்கு வந்தது. கையை எடுத்துவிட்டேன். டீலர் வீட்டிலிருந்து வந்த தக்காளிச் சாதத்தில் பாதி எனக்குக் கிடைத்தது. முப்பதாவது படம் முடிந்தபோது அவருடைய கடையில் இருந்த எல்லோருக்கும் பவுண்டரி வேலை தெரிந்திருந்தது.

ஆயுத பூஜையன்று காலை பத்து மணிக்குப் பவுண்டரிக்குப் போனேன். உலைக்குத் திருநீற்றுப் பட்டை, சந்தனம், செவ்வந்தி மாலை. தரையில் தண்ணீர் தெளித்து மண் வாசம். பொரி, கடலை, வாழைப்பழம் பொட்டலம் பொட்டலமாகப் போய்க்கொண்டிருந்தது. அச்சுப்பெட்டிகளை ஆள் உயரத்துக்கு அடுக்கி, அதன்மேல் கிளிப் போட்டுப் படங்களை மாட்டியிருந்தாள் தாஹிரா. முந்தின நாள் வரைக்கும் கருப்பாகத் திரிந்தவர்கள் எல்லாம் இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார்கள். வெளுத்த சட்டையில் நிற்கிறவர்களை எனக்கு அடையாளமே தெரியவில்லை. படத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஆளைக் கண்டுபிடித்தேன்.

குடும்பங்கள் உள்ளே வந்தன. குழந்தைகள் பொரியோடு ஓடின. "அப்பா இங்க!" "எங்கப்பா இங்க!" என்று நாலா பக்கமும் கத்தல். ஒரு பெண் தன் புருசனின் படத்தைப் பார்த்துவிட்டு, "இத்தனை பக்கத்துலயா போயி நிப்பீங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவன் "அதெல்லாம் பழகிப்போச்சு" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். தாஹிரா ஒரு தூணோரம் நின்று, கேமராவைத் தொடாமல், பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பரீட்சை முடிவு ஒட்டுகிற பலகைக்குப் பக்கத்தில் நிற்கிறவனைப்போல முதல் படத்தின் ஓரத்தில் நின்றேன். என் ஒன்பதரைக்கு அங்கேதான் விடை இருந்தது.

பழனிச்சாமி வந்தார். மஞ்சள் சேலையில் அவர் மனைவி சரசு. கையில் பொரிப் பொட்டலம். "இதுதான் நானு," என்று காட்டிவிட்டு, மீசையைத் தடவிக்கொண்டு நின்றார்.

சரசு பார்த்தார். பொட்டலத்தைப் புருசன் கையில் கொடுத்துவிட்டு இன்னும் பக்கத்தில் போய்ப் பார்த்தார். பின்னால் தாஹிராவும் நகர்ந்து வந்துவிட்டாள்.

"ஏனுங்க," என்றார் சரசு, படத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"என்னம்மிணி?"

"இங்க, கக்கத்துக்குக் கீழ. இது ஓட்டைதானுங்க?"

பழனிச்சாமி குனிந்தார். நானும் குனிந்தேன். கரி படிந்த பனியன். அதற்குப் பின்னால் கரி மண். அந்த இரண்டு கருப்புக்கும் நடுவில், விலாவோரம், நாலணா அகலத்தில் ஒரு கிழிசல். அதற்குள் தெரிந்த தோல் இன்னொரு கருப்பு. பிசிறு நூல் கூடத் தெரிந்தது.

"போன தீவாளிக்குத் திருப்பூர் போயி ஆறு பனியன் எடுத்துட்டு வந்தனே, எங்கீங்க அது?"

"அது… பீரோல இருக்குது."

"ஏனுங்க, பீரோ எதுக்கு பனியன் போட்டுக்கிது? தெனமும் இதையா போட்டுட்டு உலைகிட்ட நிக்கறீங்க? நெருப்புப் பொறி உள்ள போனா என்னத்துக்கு ஆகறது? கேட்டா நல்லதாத்தான் போட்டிருக்கறேன்னு சொல்லுவீங்க!"

சுற்றி நின்ற மொத்தக் கூட்டமும் சிரித்தது. தாஹிரா வாயைப் பொத்திக்கொண்டு தூணுக்குப் பின்னால் போனாள். நான்கு பெண்கள் உடனே தங்கள் புருசன்மார் படத்தின் விலாப் பக்கத்தைச் சோதிக்கக் கிளம்பினார்கள். எனக்கு மட்டும் சிரிப்போடு கண்ணிலும் ஏதோ வந்தது. பொரித் தூசாக இருக்கலாம்.

பழனிச்சாமி பொட்டலத்தை மாற்றிப் பிடித்துக்கொண்டு, மெதுவாக என் பக்கம் நகர்ந்து, காதோரம் குனிந்தார்.

"சார், மொதல்ல ஒரு மிசின்ல அடிச்சீங்களே, பல்லு மட்டும் தெரிஞ்சது. அது இன்னும் இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க. ஏனுங்க?"

"அதையே மாட்டி உட்டிருக்கலாமுங்க."